நீலமா, வெள்ளையா

ஸ்ட்ரிப் வெள்ளையாக இருந்தால் மாட்டலாம். நீலமாக இருந்தால் மாட்டக்கூடாது. விஷயம் இவ்வளவுதான். என் மனைவியின் கடைசிக் காலம் முழுக்க இதில்தான் போனது.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், சிப் செய்கிற ஒரு ஃபேக்டரியில். முகம் தலை எல்லாம் மூடிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வேலை செய்கிறவர்கள் வேறு. நான் பின்பக்கம். அவர்கள் கழுவி விடுகிற தண்ணீர் எல்லாம் கடைசியில் என்னிடம் வரும். தொட்டி தொட்டியாக நிற்கும். அதில் இரும்பு உப்பும் பெராக்சைடும் ஊற்றுவோம். பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் உடைந்து வந்து அழுக்கைத் தின்னும். அது கண்ணுக்குத் தெரியாது. நுரைதான் தெரியும்.

பெராக்சைடைத்தான் மருந்து என்போம். அது தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்ட்ரிப் கொடுத்திருக்கிறார்கள். தீக்குச்சியை விடக் கொஞ்சம் நீளமான பிளாஸ்டிக் துண்டு. நுனியில் ஒரு சதுரக் காகிதம். தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். மருந்து இருந்தால் காகிதம் நீலமாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். முதல் தொட்டியில் நீலம் வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் ஊற்ற வேண்டும். கடைசித் தொட்டிக்குப் போகும் முன்னால் வெள்ளையாகிவிட வேண்டும். அங்கே மிச்ச அழுக்கைத் தின்ன பூச்சி வளர்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மருந்து அதுவரை போனால் அதுகள் செத்துவிடும்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. இந்த வேலை செய்து செய்து வந்தது.

என் மனைவியும் பாயான் லெப்பாசில்தான் இருந்தாள். வேறு ஃபேக்டரி. மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிப்பைப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று பிரிக்கிற வேலை. இரண்டு ஃபேக்டரிக்கும் ஒரே பஸ். அதில்தான் பழக்கம். அவள் ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட்தான். சூப்பர்வைசர் வந்து நின்றாலும் மாற்ற மாட்டாள். நான் மீன் வாங்கிக்கொண்டு போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். "ரிஜெக்ட். கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க" என்பாள். நான் கொடுக்கப் போக மாட்டேன். நானே பொரித்துத் தின்பேன்.

அவளுக்கு இனிப்பு நீர் வந்தது, சர்க்கரை வியாதி. மருந்து சாப்பிட்டாள், விட்டாள், சாப்பிட்டாள். கால் மரத்தது. பிறகு கிட்னி போனது. ரத்தம் கழுவ வேண்டும் என்றார்கள்.

டத்தோ கெராமாட் பக்கம் கடை வரிசையில் ஒரு இடம் இருந்தது. தர்மத்தில் நடக்கிறது. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின். வாரத்தில் மூன்று நாள் நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் கிடக்க வேண்டும். ரத்தம் குழாயில் வெளியே வந்து, ஒரு ஃபில்டருக்குள் போய், கழுவிக்கொண்டு திரும்பி உடம்புக்குள் போகும்.

அங்கே ஃபில்டரை ஒரு தடவையோடு வீசுவதில்லை. ஆளுக்கு ஒன்று, பேர் எழுதி ஒட்டியிருக்கும். முடிந்ததும் அதைக் கழுவி, உள்ளே மருந்து நிரப்பி அலமாரியில் வைப்பார்கள். கிருமி வராமல் இருக்க. நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் மிஸ்ஸி அந்த மருந்தைச் சொன்னபோது எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தொட்டியில் ஊற்றுகிற அதே ஜாதி. ஆள் வந்ததும் உப்புத் தண்ணீர் விட்டு அதை அலசி எடுக்க வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் நேரே ரத்தத்தில் போகும். அதனால் மாட்டும் முன்னால் ஸ்ட்ரிப் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் ஸ்ட்ரிப் மாதிரியேதான். டப்பாவின் நிறம் மட்டும் வேறு.

அந்த இடத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஸ்ட்ரிப்பை மிஸ்ஸி பார்க்க வேண்டும், நோயாளியும் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் வெள்ளை என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தர் நீலம் என்றாலும் மறுபடி அலசி, புது ஸ்ட்ரிப் வைக்க வேண்டும்.

என் மனைவிக்கு அங்கே பிடித்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் ஸ்ட்ரிப்பைப் பார்க்காமலே வெள்ளை வெள்ளை என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். இவள் கையில் வாங்குவாள். டிஷ்யூ பேப்பர் ஒன்றை எடுத்து அதன்மேல் வைப்பாள். லைட்டுப் பக்கம் திருப்புவாள். பிறகுதான் சொல்வாள்.

"அக்கா வந்தாவே எனக்குப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு லா" என்பாள் மிஸ்ஸி. சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் தாண்டி மோட்டாரில் வருகிற பெண். சின்ன வயசு.

"பாஸா ஃபெயிலா சொல்லிட்டுத்தான் படுப்பேன்" என்பாள் இவள்.

பிறகு கண்ணும் போனது. லேசர் அடித்தார்கள், ஊசி போட்டார்கள். முதலில் ஒரு கண். கொஞ்ச நாளில் மற்றது. வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை என்றாள். அப்புறம் வெளிச்சத்தைப் பற்றியும் பேச்சில்லை. நான் கேட்கவில்லை.

மிஸ்ஸி தனக்கு மேலே இருக்கிற சிஸ்டரிடம் பேசினாள். அக்காவுக்குப் பதிலாக அண்ணன் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், அவளை ஃப்ளாட்டிலிருந்து கீழே இறக்கி, பழைய காடியில், காரில்தான், ஏற்றி, மதியத்துக்கு மேல் கொண்டு போய் விடுவேன்.

முதல் நாள் மிஸ்ஸி ஸ்ட்ரிப்பை என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். வெள்ளை.

"இன்னும் ஊத்தணும்" என்றேன்.

மிஸ்ஸி விழித்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு அண்ணன். லோரி ஓட்டியவர், ஒரு கால் இல்லை. அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"எனக்கும் ரெண்டு டின் ஊத்துங்க தம்பி. வண்டி இழுக்க மாட்டேங்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தொட்டியில் காலையெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் பழகிவிட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தாள்.

"இது உங்க தொட்டி இல்ல. என் உடம்பு. ஒழுங்கா பாருங்க."

"வெள்ளை."

"டிஷ்யூல வச்சிப் பாத்தீங்களா?"

வைக்கவில்லை. வைத்துப் பார்த்தேன். வெள்ளைதான். சொன்னேன். அப்புறம்தான் கையை நீட்டினாள், ஊசி போட.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் கேட்பாள், "என்ன கலரு?" நான் சொல்வேன், "வெள்ளை." மிஸ்ஸியும் சொல்வாள். ஊசி ஏறும். லோரி அண்ணன் தினமும் ஒரு ஜோக் வைத்திருப்பார். "உங்க வீட்டுக்காரரு பாத்தா சரியா இருக்கும்மா. இவரு வெள்ளைன்னு சொன்னா வெள்ளைதான். என்னையும் ஒரு தடவ பாத்துச் சொல்லச் சொல்லுங்க, கறுத்துக் கெடக்கேன்." அவள் சிரிப்பாள். அப்போது சிரித்தாள்.

ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் சத்தம் இல்லை. வேறு யாரோ ஒரு சீனக் கிழவர் படுத்திருந்தார்.

"பக்கத்துல யாரு?" என்றாள்.

"வேற ஆளு."

அதற்கு மேல் கேட்கவில்லை. அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்காலி காலியாகும். அடுத்த வாரம் நிரம்பும்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஃபேக்டரிக்கு யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு பெண் வந்தது. தமிழ்ப் பெண். எங்கள் தொட்டித் தண்ணீரை எடுத்து ஏதோ ஆராய்ச்சி. என்னைக் கூட நின்று எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நான் ஸ்ட்ரிப்பை நனைத்துக் காட்டினேன். நல்ல நீலம்.

"இது மிச்சம் இருக்கிற மருந்தைக் காட்டுது அங்கிள். நான் தேடுறது அதுல இருந்து உடையுற ஆக்சிஜனை. அது பொல்லாதது. கண்ண மூடித் தெறக்கிற நேரம்கூட இருக்காது."

"அப்ப எப்படிப் பாக்குறது?"

ஒரு சின்னப் புட்டியைக் காட்டியது. அதில் ஏதோ பவுடரைக் கரைத்து வைத்திருந்தது. எங்கள் தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் அதைக் கொஞ்சம் விட்டது. சும்மா தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு லைட்டைப் போட்டது. கண்ணுக்கே தெரியாத லைட்.

"குனிஞ்சு பாருங்க அங்கிள்."

பார்த்தேன். குழாய்க்குள் தண்ணீர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுதான் அதுவா?"

"இல்ல. அது எப்பவோ போயிருச்சு. போறப்ப இந்தப் பவுடரை அடிச்சிட்டுப் போயிருக்கு. அடி வாங்கின பவுடர்தான் இப்படி வெளிச்சம் விடுது. அடி வாங்காதது சும்மா கெடக்கும்."

"அதைப் பிடிக்கவே முடியாதா?"

"முடியாது. எங்க பட்டுச்சுன்னு பாக்கலாம். அவ்ளோதான்."

எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. அன்றைக்குக் காடியில் போகும்போது அவளிடம் சொன்னேன். நான் வழியில் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன். ஜெலுத்தோங்கில் வண்டி நகரவில்லை.

"அழகா இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு."

"எந்த மாதிரி நீலம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குக் கண் போனபிறகு நிறத்தைப் பற்றி என்னிடம் கேட்டது ஸ்ட்ரிப்புக்கு மட்டும்தான். யோசித்துச் சொன்னேன்.

"கேஸ் அடுப்பைச் சின்னதா வச்சா வருமே, அது."

தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள், "அந்தப் பவுடருக்குத்தான் பாவம்."

அன்றைக்கே அது நடந்தது. நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. மிஸ்ஸி ஸ்ட்ரிப்பை நனைத்துவிட்டு, டேப் எடுக்க அந்தப் பக்கம் திரும்பினாள். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். காதுக்கிட்ட வந்தாள்.

"நீலம்னு சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. டிஷ்யூவில் இருந்த ஸ்ட்ரிப்பைப் பார்த்தேன்.

"வெள்ளைதாம்மா."

"தெரியும். நீலம்னு சொல்லுங்க."

மிஸ்ஸி திரும்பினாள். "அண்ணே?"

"வெள்ளை" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"போதுங்க."

"என்ன போதும்?"

"இது."

ஃபேனைப் போட்டேன். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"வேணாம்னா டாக்டர்கிட்ட சொல்லு. நீ சொன்னா அவங்க மாட்ட மாட்டாங்க. யாரையும் கட்டிப் போட்டுச் செய்யுறதில்ல."

"என் வாயால எப்படிச் சொல்றது? சொன்னா, நம்ம பிள்ளை கேப்பா. 'அம்மாவுக்கு நான் வேணாமாப் போயிட்டேனா'ன்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட என்ன பதில் இருக்கு?"

மகள் ஜோகூரில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். தினமும் சாயந்திரம் கூப்பிடுவாள். அம்மா இன்னைக்குக் கழுவியாச்சா, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பாள். பேரப் பிள்ளைகளைப் பேச வைப்பாள்.

"தண்ணி சரியில்லன்னா யார் மேலயும் குத்தம் இல்ல" என்றாள்.

"நீலம்னா மறுபடி அலசுவாங்க. அப்புறம் வெள்ளை வரும். அப்புறம் மாட்டத்தானே போறாங்க."

"தெரியாதா எனக்கு? எத்தன வருசமா பாக்குறேன்."

"அப்புறம் எதுக்கு?"

அவள் படுத்துக்கொண்டாள். நான் போய் அரிசி களைந்தேன்.

அதற்குப் பிறகு அவள் "என்ன கலரு?" என்று கேட்கும் விதம் மாறிவிட்டது. சொல் அதேதான். நான் வெள்ளை என்பேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்புவாள். ஒவ்வொரு தடவையும் அதே. மிஸ்ஸிக்கும் ஏதோ புரிந்திருந்தது. ஸ்ட்ரிப்பை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நான் ஏன் வெள்ளை என்றே சொன்னேன் என்று கேட்டால், வெள்ளையாக இருந்தது, அதனால் சொன்னேன். அது ஒன்று. இன்னொன்று, நீலம் என்று சொன்னால் அவள் போகட்டும் என்று நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு அதற்கு மனசு வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்.

உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஊசி குத்த என்று கையில் செய்து வைத்திருந்த நரம்பு அடைத்துக்கொண்டது. திறந்தார்கள். மறுபடி அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் வந்து காய்ச்சலில் கிடந்தாள். எடுத்துவிட்டு மறு பக்கம் போட்டார்கள். மெஷின் ஓடும்போது பிரஷர் இறங்கிவிடும். வாந்தி எடுப்பாள். கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். நானும் மிஸ்ஸியும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவள் கத்துகிறவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவாள். கால் பெருவிரலை எடுத்தார்கள். பக்கத்து விரலும் கறுத்தது.

முன்னெல்லாம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படி ஏறிப் போய்விட்டு வந்து மத்தியானம் சமைப்பாள். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் மழை விட்டிருந்த நேரம். அவளைக் காடியிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அவள் எடை என் கையில் இல்லவே இல்லை. துணி மூட்டை மாதிரி. உள்ளே கொண்டு போனேன். மிஸ்ஸி அலசி முடித்து ஸ்ட்ரிப் வைத்தாள். டிஷ்யூவில் வைத்து நீட்டினாள்.

"என்ன கலரு?" என்றாள் அவள். சத்தமே வரவில்லை.

வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

"நீலம்" என்றேன்.

மிஸ்ஸி ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் சண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை. சட்டம் இருக்கிறதே, ஒருத்தர் நீலம் என்றாலும் நீலம்தான்.

"சரிண்ணே. மறுபடி அலசுறேன். அரை மணி நேரம் ஆகும். அக்காவ வேணும்னா வெளிய கூட்டிட்டுப் போங்க, காத்தோட்டமா இருக்கும்."

அஞ்சடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கு முன்னால் இருக்கிற அந்த நடைபாதையில், தூண் ஓரமாக நிறுத்தினேன். மேலே தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் கோரேங் பீசாங் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழம் மாவில் தோய்த்து எண்ணெயில் போடுகிற வாசனை. வாழைப்பழம் அவளுக்கு ஆகாது. கிட்னிக்காரர்களுக்கு அது விஷம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

"ஒரு கடி" என்றாள்.

வாங்கி, ஊதி, நுனியைப் பிய்த்து வாயில் வைத்தேன். ரொம்ப நேரம் மென்றாள்.

"ரிஜெக்டா?" என்று கேட்டேன்.

"பாஸ்."

பஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பொய்யே சொல்ல வரல. கொரல் நடுங்குது."

"மிஸ்ஸிக்குத் தெரியும்."

"தெரியட்டும்."

கையைத் தேடினாள். கொடுத்தேன். எண்ணெய் கையோடு பிடித்துக்கொண்டாள். அந்த அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவளிடம் நான் கேட்டிருக்கலாம், இன்னும் நிறுத்தணும்னுதான் நினைக்கிறியா என்று. கேட்கவில்லை. இப்படி அரை மணி நேரம் கிடைத்தால் போதும், கழுவிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. கேட்காமல் இருந்தால் அது அப்படியே இருக்கும்.

மிஸ்ஸி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். உள்ளே போனோம். புது ஸ்ட்ரிப். வெள்ளை என்றேன். மாட்டினார்கள். அன்றைக்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது நல்லதாகப் பட்டது.

நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அரை மணி நேரத்துக்காகத்தான் நான் நீலம் என்றேன். நான் விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை. மிஸ்ஸி டப்பாவைத் திறந்து ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்தாள். இன்னும் நனைக்கவில்லை.

"நீலம்" என்றாள் என் மனைவி.

மிஸ்ஸி கையில் ஸ்ட்ரிப்போடு நின்றாள். "அக்கா, நான் இன்னும் வைக்கவே இல்ல."

"வைக்க வேணாம் மிஸ்ஸி. நீலம்."

"சரிக்கா, நான் வேணும்னா இன்னொரு தடவ அலசி..."

"அலச வேணாம்மா. எத்தன தடவ அலசினாலும் எனக்கு இனிமே நீலந்தான்."

மைக்ராஸ்கோப்பு முன்னால் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல். சூப்பர்வைசர் வந்து நின்றாலும் மாறாத குரல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிஷ்யூவோடு தயாராக நின்றேன். என் பக்கம் அவள் திரும்பவில்லை. என்ன கலரு என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

மிஸ்ஸி ஸ்ட்ரிப்பை நனைக்காமலே குப்பையில் போட்டாள். மெஷினை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன். அவசரப்படவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் டாக்டர். பக்கத்து நாற்காலி அண்ணன் சத்தம் நின்னதக் கேட்டேனே."

வேறு மாதிரி ஒரு தடவை கேட்டார். மறுபடி ஒரு தடவை கேட்டார். அவள் மாற்றவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவ சொன்னதுதான்" என்றேன்.

வலிக்கும் மூச்சுக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு மிஸ்ஸிக்கு ஏற்பாடு செய்தார். எப்போது மனசு மாறினாலும் வரலாம் என்றார். மகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீர் கேட்டாள். அத்தனை வருஷமும் அளந்து குடித்தவள். வெயில் நாளில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு சமாளிப்பாள். நான் பெரிய கிளாஸ் நிறைய எடுத்து, ஐஸ் போட்டுக் கொண்டுவந்தேன். வாய்க்கிட்ட வைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன கலரு?" என்றாள்.

அவள் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"வெள்ளை" என்றேன்.

குடித்தாள். முழு கிளாஸ். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

அன்று சாயந்திரம் மகள் கூப்பிட்டபோது, அம்மாவுக்கு முடியவில்லை, வா என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பிளேனில் வந்து இறங்கினாள். அதற்குள் இவளுக்கு மயக்கம் தொடங்கிவிட்டது. கண்ணைத் திறப்பாள், மூடுவாள். மகளின் கையைப் பிடித்துத் தடவுவாள். பேச்சு குழறியது. மகள் முதலில் அழுதாள். பிறகு கழுவக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். பிறகு அந்த இடத்துக்குப் போன் செய்தாள். அவர்கள் எல்லாவற்றையும் சொல்லவில்லை போலிருக்கிறது. குடும்பத்தோடு பேசித்தான் நிறுத்தினோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"யாருப்பா வேணாம்னு சொன்னது?"

நான் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மாவா, நீங்களா? எனக்குத் தெரியணும்."

அறையிலிருந்து சத்தம் இல்லை. அவள் விழித்திருந்தாளா, மயக்கத்தில் இருந்தாளா, தெரியாது. கதவு திறந்துதான் இருந்தது.

"நான்தான்" என்றேன்.

"நீங்க யாருப்பா அதச் சொல்ல?"

நான் அடுப்பைச் சின்னதாக வைத்தேன். மகள் அறைக்குள் போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கஞ்சியை யாரும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி தெளிந்து எதுவும் பேசவில்லை. மூச்சு சத்தமாக வந்தது, பிறகு சத்தம் குறைந்தது. மகள் பக்கத்தில் இருக்கும்போதுதான் போனாள். பத்து லஞ்சாங் மின்சுடலையில் எல்லாம் முடிந்தது. காரியம் முடிந்ததும் மகள் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

சிகிச்சை இடத்துக்கு ஒரு தடவை போனேன், அவள் தலையணையும் போர்வையும் அங்கே இருந்தன. அவள் நாற்காலியில் ஒரு இளவயசுப் பெண் உட்கார்ந்து ஸ்ட்ரிப்பைப் பார்க்காமலே வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி என்னிடம் வந்து, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பேர் எழுதிய ஃபில்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. வீசியிருப்பார்கள்.

வேலைக்குப் போகிறேன். முதல் தொட்டியில் நீலம், கடைசித் தொட்டிக்கு முன்னால் வெள்ளை. யுனிவர்சிட்டிப் பெண் மறுபடி வந்தது. பெட்டியைத் திறந்து, "அங்கிள், பாக்குறீங்களா?" என்றது. வேண்டாம் என்றேன்.

மகள் எப்போதாவது கூப்பிடுவாள். உடம்பு எப்படி என்பாள். இருக்கு என்பேன். பிள்ளைகள் எப்படி என்று கேட்பேன். நல்லாயிருக்காங்க என்பாள். முன்னே மாதிரி அவர்களைப் பேச வைப்பதில்லை. பிறகு யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போகும்.

உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். சொன்னால் என் மேல் உள்ள கோபம் அவள் அம்மா மேல் போகும். செத்தவளிடம் போய் அவள் எப்படிச் சண்டை போடுவாள். என்னிடமே இருக்கட்டும்.

இங்கே தமிழில் எழுதி வைப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. மகளை நாங்கள் மலாய்ப் பள்ளியில் போட்டோம். தமிழ் பேசுவாள். படிக்கத் தெரியாது.